சோளகத்துக்கு ஒரு பாதை, வாடைக்கு ஒரு பாதை: யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு நீர்வீழ்ச்சி படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கிக் கிணறுகளில் நிற்கும். வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். கீரிமலைக் கேணியையும் நிலாவரைக் கிணற்றையும் பார்த்து வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் கீழே கிடப்பது, குனிந்து அள்ளுவது. அது மேலிருந்து விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போக வேண்டும்.

சின்ன வயதில் தோட்டக் கிணற்றில் துலா மிதித்து இறைத்த என் அம்மா, எழுபது வயதில் முதல்முறை டெவோன் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்றபோது கேட்ட கேள்வி இது: "தம்பி, இவ்வளவு தண்ணியும் எங்கை போகுது?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அந்தத் தண்ணீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அதற்குப் பிறகு மூன்று முறை குடும்பத்தோடு மலையகம் போய்விட்டோம். ஒவ்வொரு முறையும் கற்றதை வரிசைப்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு வரைபடத்தைப் பாருங்கள்

எங்கள் முதல் பயணத்தில் செய்த பெரிய பிழை இதுதான். ஓகஸ்ட் விடுமுறையில் நேராகத் தியலுமவுக்குப் போனோம். இலங்கையின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி, 220 மீற்றர். போய்ச் சேர்ந்தபோது பாறையில் மெல்லிய நூல் போலக் கொஞ்சம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மகள் என்னைப் பார்த்தாள், நான் பாறையைப் பார்த்தேன். அதே வாரத்தில் மலையின் மறுபக்கத்தில் டெவோன் நிரம்பி விழுந்துகொண்டிருந்தது.

காரணம் எங்களுக்குத் தெரிந்த காற்றுகளில்தான் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாணத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு காய வைக்கும் சோளகம்தான் தென்மேற்குப் பருவக்காற்று. எங்களுக்கு அது மழை தருவதில்லை. அது வரும் வழியில் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் முட்டி, தன் ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு வருகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வாடை, அதாவது வடகீழ்ப் பருவக்காற்று, கிழக்குச் சரிவை நனைக்கும். இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மழை.

ஆகவே பயணத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். சோளகக் காலத்தில் போகிறீர்களானால் மேற்குப் பக்கம்: றம்பொடை, டெவோன், சென்ட் கிளேயர். வாடைக் காலத்தில் போகிறீர்களானால் கிழக்கே ஊவா மாகாணப் பக்கம்: துன்ஹிந்த, இராவணா எல்ல, தியலும, பம்பரகந்த. இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க ஆசைப்படாதீர்கள். ஒரு பக்கம் நிறைந்திருக்கும்போது மறுபக்கம் பெரும்பாலும் மெலிந்திருக்கும்.

ஏப்ரல் விடுமுறையைப் பற்றிப் பலர் கேட்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குப் பக்கம் காய்ந்து, ஏப்ரலில் பின்னேர இடிமழை தொடங்கும். காலையில் தண்ணீர் குறைவு, பின்னேரம் மின்னல். நுவரெலியாவில் அந்த மாதம் சித்திரைக் கொண்டாட்டக் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். படம் எடுக்கவே போகிறவர்களுக்கு நான் ஏப்ரலைச் சொல்ல மாட்டேன்.

ஓகஸ்டில் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். நல்லூரில் கொடியேறிவிட்டால் எங்கள் வீட்டில் பயணப் பேச்சே எடுபடாது. தேரும் தீர்த்தமும் முடிந்து புறப்படுவதே எல்லாருக்கும் மனநிறைவு. ஆனால் அந்த வருடத் திருவிழா நாட்களையும் பாடசாலை விடுமுறையையும் முன்கூட்டியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில வருடங்களில் இரண்டுக்கும் நடுவில் நாலு நாள்தான் கிடைக்கும்.

வாடைப் பக்கத்துக்கு என் தெரிவு தைப்பொங்கல் முடிந்து வரும் நாட்கள். டிசம்பரில் தண்ணீர் அதிகம்தான், மண்சரிவும் அதிகம். ஜனவரி நடுவில் பெருமழை குறைந்திருக்கும், ஓடைகள் இன்னும் நிறைந்திருக்கும், தண்ணீர் மண் நிறம் மாறித் தெளிந்திருக்கும். படத்துக்கு அந்தத் தெளிவு முக்கியம். செந்நிறத் தண்ணீரை எந்த பில்டரும் வெள்ளையாக்காது.

பாதை

சோளகப் பாதைக்கு நாலு நாள் போதும். முதல் நாள் ஏ9 வழியாகக் கண்டி வரை. வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். அதிகாலையில் புறப்பட்டால் விடியும் நேரம் ஆனையிறவில் நிற்பீர்கள். அங்கே ஐந்து நிமிடம் நிறுத்திக் கடனீரேரியில் ஒரு படம் எடுத்துப் பழகுங்கள். கமராவில் பற்றரி இருக்கிறதா, நினைவக அட்டை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நல்ல இடம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, வவுனியாவில் காலைச் சாப்பாடு. பிறகு மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை. கண்டியில் தங்குங்கள். ஒரே நாளில் நுவரெலியா வரை ஓடலாம்தான். ஆனால் பத்து மணித்தியாலம் வான் வண்டியில் உட்கார்ந்த பிள்ளைகளும் வயதானவர்களும் அடுத்த நாள் காலையில் எழும்ப மாட்டார்கள். நீர்வீழ்ச்சிப் படத்துக்குக் காலைதான் எல்லாம்.

இரண்டாம் நாள் கம்பளை வழியாக ஏ5 வீதியில் றம்பொடை. 109 மீற்றர், ஆனால் ஒரே வீச்சில் விழுவதில்லை. வீதிக்கு மேலே ஒரு பகுதி, கீழே ஒரு பகுதி. வீதிப் பாலத்திலிருந்து மேல் பகுதியைப் பார்க்கலாம். அம்மா படி இறங்க முடியாதென்றால் இந்தப் பாலம் போதும். பக்கத்திலேயே மலை மேல் அனுமார் கோவில் இருக்கிறது, அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். மாலையில் நுவரெலியா. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். இரவில் குளிர் எங்கள் ஊர்க்காரருக்குப் பழக்கமில்லாத குளிர். பிள்ளைகளுக்குக் காலுறையும் தொப்பியும் கொண்டுபோங்கள்.

மூன்றாம் நாள்தான் பயணத்தின் நெஞ்சு. நுவரெலியாவிலிருந்து ஏ7 வீதியில் தலவாக்கலை தாண்டினால் சென்ட் கிளேயரும் டெவோனும் அடுத்தடுத்து வரும். இரண்டையும் வீதியோரப் பார்வையிடங்களிலிருந்தே எடுக்கலாம். டெவோன் 97 மீற்றர், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பல தட்டுகளாக விழும். சென்ட் கிளேயர் 80 மீற்றர், அகலத்துக்குப் பெயர் போனது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: அதற்கு மேலே தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை இருக்கிறது. 150 மெகாவாட் நிலையம், 2012இல் இயங்கத் தொடங்கியது. ஆற்றுத் தண்ணீரின் பெரும்பகுதி சுரங்கம் வழியாகப் போய்விடுகிறது. அதனால் அங்கே நீங்கள் பார்க்கும் தண்ணீர் மழையை மட்டுமல்ல, அணையிலிருந்து விடும் அளவையும் பொறுத்தது. நான் டெவோனுக்கு முதலிடம் கொடுப்பேன்.

நாலாம் நாள் திரும்பும் பயணம். நேரமிருந்தால் புறப்படுமுன் சீதா எலியவில் சீதையம்மன் கோவில்.

வாடைப் பாதைக்கு ஐந்து நாள் வேண்டும். தம்புள்ளைக்கு முன்னரே ஏ9இலிருந்து பிரிந்து ஹபரணை, பொலநறுவை, மகியங்கனை வழியாகப் பதுளைக்குப் போகலாம். மலை ஏற்றம் கடைசியில்தான் வரும், வயிறு குமட்டுகிறவர்களுக்கு இது நிம்மதி. பதுளை அல்லது பண்டாரவளையில் தங்கிக்கொண்டு ஒவ்வொரு காலையும் ஒரு நீர்வீழ்ச்சி.

துன்ஹிந்த பதுளை நகரிலிருந்து சில கிலோமீற்றர்தான். 64 மீற்றர். வாகனத்தை விட்டுவிட்டு ஒரு கிலோமீற்றருக்கு மேல் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும், படிகள் உண்டு. அடியிலிருந்து புகை போல எழும் திவலைதான் அதன் அழகு, கமராவுக்கு அதுவே சோதனையும். இராவணா எல்ல, எல்லயிலிருந்து வெல்லவாய போகும் வீதியின் ஓரத்திலேயே இருக்கிறது. உயரம் குறைவு, ஏறத்தாழ 25 மீற்றர். நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ஒரே நிபந்தனை, காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பேருந்துகளும் கடைகளும் குளிக்கிறவர்களும் குரங்குகளும் சேர்ந்துவிடும்.

வெல்லவாயவிலிருந்து ஏ4 வீதியில் மேற்கே திரும்பினால் தியலும, பிறகு கொஸ்லந்தை, பெரகலை, ஹல்துமுல்ல, களுபஹன. களுபஹனவிலிருந்து ஒடுங்கிய மலைப்பாதையில் ஏறினால் பம்பரகந்த. 263 மீற்றர், நாட்டிலேயே உயரமானது. என் மகனுக்கு அந்த எண் விளங்கவில்லை. நன்றாக வளர்ந்த பனை 30 மீற்றர் வரை போகும், அப்படி ஒன்பது பனையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார் என்றேன். கொஞ்ச நேரம் வாய் திறந்தபடி நின்றான்.

கொஸ்லந்தையைக் கடக்கும்போது வான் வண்டிக்குள் சத்தத்தைக் குறைப்போம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை தோட்டத்து லயன் வீடுகளை மண்சரிவு மூடியது அந்தப் பகுதியில்தான். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். அந்த மலையின் அழகையும் அங்கே வாழ்கிறவர்களின் நிலையையும் சேர்த்தே அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வானும் சாரதியும்

மலையில் இரவு ஓட்டம் வேண்டாம். இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. 2025 மே 11 அதிகாலை கொத்மலைப் பகுதியில், இதே றம்பொடைப் பாதையில், பேருந்து பள்ளத்தில் பாய்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பேருந்து, 15 பேர். இரண்டும் நீங்கள் போகப் போகும் வீதிகள். பின்னேரம் ஐந்து மணிக்குத் தங்குமிடத்தில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

வான் பேசும்போது சாரதியிடம் நேராகவே கேளுங்கள்: "அண்ணை, நுவரெலியாப் பக்கம் ஓடியிருக்கிறீங்களா?" யாழ்ப்பாண வீதிகள் தட்டையானவை. இங்கே இருபது வருடம் ஓட்டியவருக்கும் மலை இறக்கம் புதிதாக இருக்கலாம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ரயர், பிரேக், மழைத் துடைப்பான் மூன்றையும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் பார்க்கச் சொல்லுங்கள். சாரதிக்கும் உங்களோடு நல்ல அறை, நேரத்துக்குச் சாப்பாடு, நித்திரை. அதிகாலையில் புறப்படும் பயணத்தில் உங்கள் குடும்பத்தின் உயிர் அவர் நித்திரையில் இருக்கிறது.

புறப்படுவதற்கு முதல் நாளும், மலையில் ஒவ்வொரு மாலையும், மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. செம்மஞ்சள் வந்தாலே நாங்கள் திட்டத்தை மாற்றுவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலையகம் எவ்வளவு சரிந்தது என்பதைப் பார்த்த பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. தொலைபேசியில் மூன்று எண்களைப் பதிந்துகொள்ளுங்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

சாப்பாட்டுக்கு முதல் நாள் புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வாழையிலையில் கட்டிக்கொள்கிறோம். வளைவுகளில் குமட்டினால் முகர ஒரு தேசிக்காய், வாயில் போட இஞ்சி இனிப்பு. பிள்ளைகளை முன் இருக்கைகளில் வைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், தொலைபேசியைப் பார்க்க விடாதீர்கள்.

பையில் என்ன

கமரா எதுவாக இருந்தாலும் சரி, உறுதியான முக்காலி ஒன்று அவசியம். விலை கூடிய லென்ஸை விட அதுதான் படத்தை மாற்றும். அடுத்து போலரைசர் பில்டர். நனைந்த பாறையும் இலையும் வானத்தின் ஒளியைத் தெறித்து வெள்ளையாக மினுங்கும். போலரைசரை மெதுவாகச் சுழற்றினால் அந்த மினுக்கம் மறைந்து உண்மையான பச்சையும் கருமையும் வரும். கூடவே உள்ளே வரும் ஒளியை மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்காகக் குறைக்கும். மேகமூட்டமான காலையில் இதுவே போதும். வெயில் ஏறிய பிறகு எடுக்க வேண்டியிருந்தால் ஒளியை 64 மடங்கு குறைக்கும் என்டி பில்டர் ஒன்று வைத்திருங்கள். ஆயிரம் மடங்கு குறைப்பது நீர்வீழ்ச்சிக்குத் தேவையில்லை, அது கடலுக்கும் மேகத்துக்கும்.

மீதியெல்லாம் வீட்டிலேயே இருக்கும்: லென்ஸ் துடைக்க நாலைந்து சுத்தமான மென்துணி, பெரிய பொலித்தீன் பைகள், குடை, துவாய், மாற்றுடுப்பு, ஒரு ரோர்ச், கடிக்கும் அட்டைப்பூச்சிக்கு உப்பும் சவர்க்காரமும். ரப்பர் செருப்போடு யாரும் இறங்கக் கூடாது, பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும்.

ஏசி வானிலிருந்து கமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். போய்ச் சேரப் பத்து நிமிடத்துக்கு முன் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். முதல் பயணத்தில் நல்ல வெளிச்சத்தின் கால் மணித்தியாலத்தை நான் லென்ஸ் துடைப்பதிலேயே இழந்தேன்.

நீர்வீழ்ச்சிக்கு முன்னால்

இங்கேதான் பொறுமையாக இருக்க வேண்டும்.

போனவுடன் கமராவை எடுக்காதீர்கள். பத்து நிமிடம் குடும்பத்தோடு நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே பிளவுபடுகிறது, எந்தப் பாறையில் மோதித் திரும்புகிறது, திவலை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கப் பார்க்கத் தெரியும். என் மகள்தான் இதில் கெட்டிக்காரி. டெவோனில் இரண்டாவது தட்டில் தண்ணீர் விசிறி போல விரிவதை அவள் காட்டித்தான் கண்டேன். அந்தத் தட்டை மட்டும் நெருக்கி எடுத்த படம், முழு நீர்வீழ்ச்சியையும் எடுத்த படத்தை விட நன்றாக வந்தது.

வெளிச்சம்: மேகம் மூடிய வானம்தான் நல்லது. வெயிலில் தண்ணீர் பாதி வெள்ளையாக எரியும், பாறை பாதி கறுப்பாகப் போகும். மலையில் காலை தெளிவாக விடிந்து பிறகு முகில் ஏறும். அதனால் சூரியன் மலை முகட்டுக்கு மேல் வருமுன் எடுத்து முடியுங்கள். எந்த நீர்வீழ்ச்சி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதல் நாளே தொலைபேசித் திசைகாட்டியில் பார்த்துவிட்டால் அடுத்த காலையில் எத்தனை மணி வரை நிழல் இருக்கும் என்று கணிக்கலாம்.

வெயில் வந்துவிட்டால் வானவில்லைத் தேடுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வானவில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து 42 பாகை தள்ளி உண்டாகும். ஆகவே சூரியன் தாழ்ந்திருக்கும் நேரம், ஏறத்தாழ காலை ஒன்பதுக்கு முன்னும் பின்னேரம் மூன்றுக்குப் பின்னும், திவலையில் அது தெரிய வாய்ப்பு அதிகம். போலரைசரைச் சுழற்றும்போது கவனம், ஒரு திருப்பில் வானவில்லே மறைந்துவிடும்.

இனிக் கமரா. ஐஎஸ்ஓ, அதாவது கமராவின் ஒளியுணர்வு, 100. லென்ஸில் ஒளி நுழையும் துளை எஃப் 8 அல்லது 11. முக்காலியில் வைத்ததும் லென்ஸின் அதிர்வு தடுப்பை நிறுத்திவிடுங்கள், சில லென்ஸ்கள் முக்காலியில் தாங்களே நடுங்கும். பொத்தானைக் கையால் அழுத்தாமல் இரண்டு விநாடித் தாமதத்தில் எடுங்கள். குவியத்தை ஒரு பாறையில் வைத்துப் பிடித்து, பிறகு கையால் மாற்றும் நிலைக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓடும் தண்ணீரில் அது தேடிக்கொண்டே இருக்கும்.

கமராவின் ஷட்டரை எவ்வளவு நேரம் திறப்பது? பலர் "எவ்வளவு நீளமோ அவ்வளவு பட்டு" என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சோளகத்தில் நிரம்பி விழும் டெவோனுக்குக் கால் விநாடி, மிஞ்சினால் அரை விநாடி. அதற்கு மேல் போனால் நரம்புகள் எல்லாம் கரைந்து வெள்ளைச் சேலை தொங்குவது போல ஆகிவிடும். தண்ணீரின் பலம் படத்தில் இருக்காது. பம்பரகந்த போல உயரத்திலிருந்து மெல்லிய திரையாக இறங்குவதற்கு ஒன்று, இரண்டு விநாடி கொடுக்கலாம், அப்போதுதான் இடைவெளிகள் நிரம்பும். திவலை வெடிப்பதைக் காட்ட வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டி 500இல் ஒரு விநாடி. மூன்று விதமாகவும் எடுத்துப் பாருங்கள்.

கணக்கு இப்படி: பில்டர் இல்லாமல் 60இல் ஒரு விநாடி காட்டுகிறது என்று வையுங்கள். 64 மடங்கு குறைக்கும் பில்டரைப் போட்டால் ஏறத்தாழ ஒரு விநாடி. அதே இடத்தில் ஆயிரம் மடங்கு பில்டர் என்றால் 16 விநாடிக்கு மேல். அதனால்தான் அது தேவையில்லை என்றேன்.

கறுத்த பாறைக்கு நடுவே வெள்ளைத் தண்ணீர் இருப்பதால் கமரா ஏமாந்து படத்தை அதிகம் வெளிச்சமாக்கும். ஒளியளவை அரைப் படி முதல் ஒரு படி வரை குறைத்து எடுங்கள் (ஒரு படி குறைத்தால் ஒளி பாதியாகும்). எடுத்தபின் கமராத் திரையில் ஒளி வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பாருங்கள். வலது கரையில் முட்டியிருந்தால் தண்ணீரின் விவரம் போய்விட்டது, வீட்டுக்கு வந்து மீட்க முடியாது. ரோ கோப்பாக, அதாவது கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக, எடுத்தால் நிழலை மீட்கலாம்.

துன்ஹிந்தவில் திவலை லென்ஸை விடாது. ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் துணியோடு நிற்க, காற்று ஒரு கணம் அடங்கும்போது துடைத்து உடனே அழுத்த வேண்டும். எங்கள் வீட்டில் துணி பிடிப்பது மகனின் வேலை, அதை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

தொலைபேசி மட்டும் இருந்தாலும் குறையில்லை. ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு லாங் எக்ஸ்போஷர் என்ற தெரிவை அழுத்தினால் தண்ணீர் பட்டாகும். பல அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் புரோ முறையில் திறப்பு நேரத்தை மாற்றலாம். இரண்டுக்கும் தொலைபேசியை எதிலாவது சாய்த்து அசையாமல் வைக்க வேண்டும். ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல் எடுத்துச் செல்ல வேண்டாம்.

குடும்பம் படத்துக்குள் வர

ஆள் இல்லாத நீர்வீழ்ச்சியின் உயரம் படத்தில் தெரியாது. அம்மாவைச் சிவப்புச் சேலையில், பாதுகாப்பான இடத்தில், படத்தின் கீழ் மூலையில் சின்னதாக நிறுத்திப் பாருங்கள். அப்போதுதான் அந்த உயரம் கண்ணில் படும். பச்சையும் சாம்பலும் நிறைந்த இடத்தில் சிவப்பு, மஞ்சள் எடுபடும். பச்சை உடுப்பு காட்டோடு போய்விடும்.

சிக்கல் என்னவென்றால் தண்ணீர் பட்டாக ஓட அரை விநாடி வேண்டும், ஆறு வயதுப் பிள்ளை அரை விநாடி அசையாமல் நிற்காது. வழி இது: முக்காலியை அசைக்காமல் இரண்டு படம். முதலாவதில் ஐஎஸ்ஓவைக் கூட்டி 125இல் ஒரு விநாடி, எல்லார் முகமும் தெளிவாக. இரண்டாவது அவர்கள் விலகிய பின் அரை விநாடி, தண்ணீருக்கு. வீட்டுக்கு வந்து கணினியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஆட்கள் நிற்கும் பகுதியை மட்டும் முதல் படத்திலிருந்து எடுங்கள்.

ஒரு நாளில் ஒரு நீர்வீழ்ச்சி, மிஞ்சினால் இரண்டு. காலையில் ஒன்றரை மணித்தியாலம் படத்துக்கு, மீதி நாள் குடும்பத்துக்கு. இரண்டாவது பயணத்தில் ஒரே நாளில் நாலு இடம் ஓடினேன். படங்கள் கிடைத்தன, பிள்ளைகள் அழுதார்கள், மனைவி அன்று மாலை முழுவதும் பேசவில்லை. அவர் கோபம் நியாயமானது.

தண்ணீருக்குக் கிட்ட

எங்கள் பிள்ளைகளுக்கு ஓடும் தண்ணீர் பழக்கமில்லை. கேணியில் நீந்தத் தெரிந்தவனுக்கும் இழுக்கும் தண்ணீரைத் தெரியாது. நீர்வீழ்ச்சிகளின் அடியில் உள்ள பாறைகள் பாசி பிடித்துச் சறுக்கும், குழிகளின் ஆழம் மேலிருந்து தெரியாது. அறிவிப்புப் பலகை தடுக்கும் இடத்தில் இறங்கவே கூடாது. தியலுமவின் மேலே இயற்கைத் தடாகங்கள் இருக்கின்றன, அழகுதான், ஆனால் விளிம்புக்கு அப்பால் 220 மீற்றர். சின்னப் பிள்ளைகளோடு அங்கே நான் ஏறமாட்டேன்.

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் இருந்தாலும் மேலே மலையில் மழை பெய்யலாம். தண்ணீரின் நிறம் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால் முக்காலியை விட்டுவிட்டாவது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறுங்கள். அணைக்குக் கீழுள்ள ஆறுகளில் மழை இல்லாமலும் தண்ணீர் ஏறும். படம் எடுக்கிறவரின் கண் கமராவில் இருக்கும் என்பதால், பிள்ளைகளைப் பார்க்க ஒரு பெரியவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

தோட்டத்து மக்களிடம்

பல நல்ல கோணங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் போனால்தான் கிடைக்கும். அது தனியார் நிலம், அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். "அக்கா, இந்தப் பாதையால போகலாமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் பேசும் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்து எந்த வளைவிலிருந்து நன்றாகத் தெரியும் என்று அவர்களே காட்டுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து அவர்களின் முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். அந்த மலைகளில் தேயிலை நிற்பதே அவர்கள் உழைப்பால்தான். கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களின் சம்பளம் எடுத்த கொழுந்தின் எடையைப் பொறுத்தும் இருக்கும், நிறுத்தி வைத்துப் பேசுவதும் அவர்கள் நேரம்தான்.

திரும்பி வந்து

ஒவ்வொரு இரவும் தங்குமிடத்தில் படங்களை வேறொரு இடத்துக்குப் பிரதி எடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். நினைவக அட்டையை அழிப்பது யாழ்ப்பாணம் வந்து, கணினியில் திறந்து பார்த்த பிறகு. முக்காலியின் கால்களைக் கழற்றி மண் போகக் கழுவி வெயிலில் காய வையுங்கள். கமராப் பையை இரண்டு நாள் திறந்தே வைத்திருங்கள், மலை ஈரம் உள்ளே தங்கினால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும்.

பிறகு நல்லதாக ஆறு படம் தேர்ந்து தாளில் அச்சிடுங்கள். டெவோன் படம் எங்கள் விறாந்தையில் அம்மாவின் கதிரைக்கு நேரே தொங்குகிறது. எங்களுக்குப் பாதை காட்டிய அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் படத்தின் பிரதி ஒன்று அவருக்கு. அதற்காகப் பயணத்தின்போதே ஒரு சின்னக் கொப்பியில் அவர்களிடம் பெயர், தோட்டம், டிவிஷன், தபாலகம் எல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த வாரமே தபாலில் போட்டுவிடுங்கள்.